பச்சை அங்கோட்டின் அச்சு

வெள்ளிக்கிழமை காலை கினாசி ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். சனிக்கிழமை மதியம் பாக் விகண்டா போன் செய்தார்.

“நெங், நாளைக்குக் காலைல உன் அச்ச எடுத்துக்கிட்டு கிளப்புக்கு வந்துரு.”

“எதுக்கு, பாக்?”

“எங்கோஸும் ஒரு அச்சு கொண்டு வர்றான். அந்த அங்கோட் பாடி அவன் செதுக்குனதாம்.”

கினாசி உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் என்ன செஞ்சேனாம்?”

“அவன் அச்சு குடுத்தானாம். நீ மிஷின்ல இழுத்துக் குடுத்தியாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரும் வேண்டியவங்க. அச்சு வரட்டும், அது சொல்லும்னேன்.”

இந்தோனேசியாவின் சிமாஹியில் ரிமோட் கார் ஓட்டுகிறவர்கள் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். அவர்களுக்கு விகண்டா தலைவர்; மரியாதைக்கு எல்லாரும் அவரைப் பாக் என்பார்கள், மூத்தவர்கள் கினாசியைச் செல்லமாக நெங் என்பார்கள். பஸ் டிப்போவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருடம் புதிதாக ஒரு பந்தயப் பிரிவு தொடங்கினார். எல்லாருக்கும் ஒரே சேஸி, ஒரே மோட்டார், ஒரே பாடி. அந்தப் பாடி பந்தயக் காருடையதாக இருக்க வேண்டாம், தினமும் ஏறி இறங்குகிற பச்சை அங்கோட் வேனாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஒரு முழம்கூட நீளமில்லாத அங்கோட்டுகள் வளைவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரும்புவதைப் பார்க்கப் பக்கத்து ஊர் கிளப்புகளும் வந்தன. நாங்களும் தொடங்குகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயின. பாடியைச் செய்தவர் பெயர் விதிப்புத்தகத்தில் ஏறும். அந்தப் பெயர்க்காரர் கொடுக்கும் பாடி மட்டுமே ஓடலாம். ஒரு வருடத்துக்குக் கை ஓயாது. அதை நம்பித்தான் கினாசி கடிதம் கொடுத்தாள்.

அவள் ஏழு வருடம் வேலை பார்த்தது கேக் டப்பா மூடி செய்யும் ஆலையில். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, அச்சின் மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தாள் அச்சோடு ஒட்டிப் படியும்; இதைத்தான் இழுப்பது என்பார்கள். மூடியும் அப்படித்தான், கார் பாடியும் அப்படித்தான். மூடிக்கு அச்சு இரும்பில் வரும். பாடிக்கு அச்சைத் தானே செதுக்க வேண்டும். அங்கோட்டுக்கு மகோகனிக் கட்டையில் எட்டு மாதம் செதுக்கினாள். தம்பி நந்தங் ஓட்டுவது நிஜ அங்கோட். சவாரிக்கு ஆள் ஏறி உட்கார்ந்திருக்கும்போதே டேப்பை வைத்து அதை அளப்பாள். “ஆஸ்பத்திரிக்குப் போறவங்க உள்ள இருக்காங்க தெஹ்” என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். அக்காவை அவன் தெஹ் என்றுதான் கூப்பிடுவான். முதல் பாடியைப் பார்த்ததும் கேட்டான்:

“என் வண்டிக்கு எப்ப தெஹ் இடுப்பு வந்துச்சு?”

“நேர் சுவரா வச்சா அச்ச விட்டுக் கழண்டு வராதுடா. மேல குறுக்கி கீழ கொஞ்சம் அகட்டணும்.”

“மாசமா இருக்கற மாதிரி இருக்கு.”

அந்த முதல் பாடியை வண்ணம் தீட்ட எங்கோஸிடம்தான் கொடுத்தாள். கண்ணாடி போன்ற பாடிக்கு உள்பக்கமாக வண்ணம் அடிக்க வேண்டும். வெளியே முன்னால் தெரிய வேண்டியதை முதலில் அடிக்க வேண்டும், எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும். அதில் எங்கோஸை மிஞ்ச சிமாஹியில் ஆளில்லை. பதினோரு நாள் அவன் வீட்டில் இருந்தது. பச்சைப் பளபளப்பும், கதவோரத் துருவும், பின்கண்ணாடியில் தொங்கும் குட்டித் துண்டும்கூட வரைந்து கொடுத்தான். அது இப்போது கிளப் சுவரில் தொங்குகிறது.

பதினோரு நாள். உள்ளே பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, இறுகவிட்டு எடுக்க ஒரு மதியம் போதும்.

மாலையில் நந்தங் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நின்றபடியே இரண்டு பாலா-பாலா தின்றான். முட்டைக்கோஸ் பஜ்ஜி ஆறிப்போயிருந்தது.

“அச்சு எங்க?”

அவள் மேஜையைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான்.

“என்ன தெஹ் இது. கூரை எங்க போச்சு?”

“நாலு மில்லி இழைச்சுட்டேன். முன்கண்ணாடியையும் சாய்ச்சுட்டேன். வளைவுல கவுருதுன்னு எல்லாரும் சொன்னாங்கல்ல.”

“பழைய அச்சு?”

“இதுதான் பழைய அச்சு.”

அவன் உட்கார்ந்தான். அந்த கிளப்பில் பாடி யாருடையது என்று தகராறு வந்தால் ஒரே வழக்கம்தான். பாடியை எடுத்து அச்சின் மேல் போடுவார்கள். எந்த அச்சில் பொருந்துகிறதோ, பாடி அந்த அச்சுக்காரருடையது. இரண்டு முறை அப்படித் தீர்த்திருக்கிறார்கள். இரண்டு முறையும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

“அவன் அச்சுல பொருந்தும். உன் அச்சுல பொருந்தாது” என்றான் நந்தங்.

“தெரியுது.”

“திங்கக்கிழமை போய் லெட்டர திருப்பி வாங்கிக்க. அந்த மேனேஜர் பொம்பள நல்லவதான்.”

“நான் செதுக்குனத நான்தான் செதுக்கினேன். நீ காலைல வண்டிய எடுத்துக்கிட்டு வா. மிஷின ஏத்தணும்.”

“மிஷின் எதுக்கு?”

“புது அச்சுல இழுத்துக் காட்டணும்ல. நாளைக்குன்னு ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தேன்.”

சொல்லிவிட்டுத் தாள்களை அடுப்புக்குள் அடுக்கினாள். இந்த ஊர் ஈரத்தில் தாளைக் காயவைக்காமல் சூடாக்கினால் கொப்புளம் கொப்புளமாக வந்துவிடும். இரண்டு மணி நேரம் காயவைத்து, எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி வைத்தாள்.

கிளப் பழைய சந்தைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கிறது. கம்பளம் விரித்த பாதை, மேலே தகரக் கூரை. காலை ஒன்பது மணிக்கே முப்பது பேர் வந்துவிட்டார்கள். நந்தங்கும் இன்னொருவனும் மிஷினைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார்கள். மிஷின் என்றால் ஓட்டை போட்ட ஒரு பெட்டி, மேலே சூட்டுக் குழாய்கள், தாளைப் பிடிக்கும் சட்டம், அடியில் தூசி உறிஞ்சும் மோட்டார் இரண்டு.

எங்கோஸ் முன்னதாகவே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயது, எல்லாருக்கும் காங், அதாவது அண்ணன். விரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு வண்ணம் இருக்கும். இன்றைக்கு ஆரஞ்சு.

“வா நெங். ஆலை லீவா?”

“ஆலையையே விட்டாச்சு, காங்.”

“அடடா. அவசரப்பட்டுட்டியேம்மா.”

“பாக்கலாம்.”

“எனக்கு உன்மேல கோவம் இல்ல. நல்லா இழுக்கிற. நாளைக்கு என் பேர்ல வந்தாலும் இழுக்கற வேலை உனக்குத்தான்.”

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன், “பாத்தியா, காங் எவ்வளவு பெரிய மனசு” என்றான். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. எங்கோஸை எல்லாருக்கும் பிடிக்கும். எல்லாருடைய காரிலும் அவன் வண்ணம் இருந்தது.

பாக் விகண்டா சுவரிலிருந்து பச்சை அங்கோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். டிப்போவில் செய்தது போலவே, பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“இது முதல் பாடி. மிஷின்ல இழுத்தது நெங் கினாசி. வண்ணம் அடிச்சது எங்கோஸ். இதுல ரெண்டு பேருக்கும் தகராறு இல்ல. அப்படித்தானே?”

“ஆமா” என்றார்கள் இருவரும்.

“எந்த அச்சுல இழுத்ததுங்கறதுதான் கேள்வி. எங்கோஸ், எடு.”

எங்கோஸ் துணியை விலக்கினான். வெள்ளை பிளாஸ்டர் அச்சு. வார்னிஷ் அடித்து, முகம் பார்க்கும்படி மின்னியது. மரத்தில் செதுக்கி, அதிலிருந்து பிளாஸ்டரில் எடுத்ததாகவும், மரம் மழையில் ஊறி வெடித்துவிட்டதாகவும் சொன்னான். விகண்டா பாடியை அதன்மேல் வைத்தார். ஸ்ஸ் என்று மெல்லக் காற்று வெளியேற, பாடி தானாகவே இறங்கி உட்கார்ந்தது. தலைக்குத் தொப்பி போட்டது போல. கூரை, கதவு, விளக்குக் குழி எல்லாம் ஒரு மயிரிழை பிசகவில்லை.

“அளவெடுத்துத் தைச்ச சட்டை” என்றான் ஒருவன்.

பிறகு கினாசியின் மர அச்சு. பாடி பாதி தூரம் இறங்கியதும் விலாவில் பிடித்துக்கொண்டது. விகண்டா அழுத்தினார். இன்னும் கொஞ்சம் போய் நின்றது. கூரைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. முன்கண்ணாடி எங்கேயோ, கட்டையின் சாய்வு எங்கேயோ.

“இழைச்சுட்டேன் பாக். கூரையும் முன்பக்கமும் இப்ப வேற.”

“என்னைக்கு இழைச்ச?”

“ரெண்டு வாரம் இருக்கும்.”

“கரெக்டா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி” என்றான் எங்கோஸ் பொதுவாக, யாரையும் பார்க்காமல். “கூரைய விடுங்க. விலாவயாவது இழைக்காம விட்டிருக்கால்ல. அதுவும் போகலையே.”

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். நந்தங் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விகண்டா விதிப்புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

கினாசி சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. அவன் கடைசியாகச் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். விலா. அவள் விலாவைத் தொடவே இல்லை. அதே கட்டை, அதே விலா. அதில் இழுத்த பாடி ஏன் இறங்கவில்லை?

இறங்காதுதான். எப்போதுமே இறங்காது. ஆலையில் சேர்ந்த முதல் மாதம் புது அச்சு ஒன்று வந்தது. டப்பா அளவுக்கே சரியாகக் கடைந்து அனுப்பியிருந்தார்கள். எட்டாயிரம் மூடி அடித்து முடித்த பிறகுதான் ஒன்றுகூட டப்பாவில் மாட்டவில்லை என்று தெரிந்தது. சூட்டில் அச்சோடு படிந்த தாள் ஆறும்போது சுருங்கும். நூற்றுக்கு அரை பங்குக்கு மேலேயே சுருங்கும். அன்று முழுக்க மூடிகளை மூட்டை கட்டியவள் அவள்தான்.

“பாக், அந்த வெள்ளை அச்சுல இன்னொரு தடவ போடுங்க.”

“ஏன், கண்ணால பாத்தாச்சே.”

“இன்னொரு தடவ.”

விகண்டா போட்டார். ஸ்ஸ். தொப்பி.

“ரொம்ப நல்லாப் பொருந்துது” என்றாள் கினாசி.

“அதத்தான் நானும் சொல்றேன்” என்றான் எங்கோஸ்.

“இப்ப அந்த அச்சுல புதுசா ஒண்ணு இழுங்க காங். மிஷின் இருக்கு. இங்கயே, எல்லார் முன்னாடியும்.”

“எதுக்கு?”

“நீங்க செஞ்ச அச்சுல ஒரு பாடி இழுக்கச் சொல்றேன். அதுல என்ன கஷ்டம்?”

கூட்டம் நெருங்கி வந்தது. எங்கோஸ் தன் பையிலிருந்து ஒரு தாளை உருவினான். கினாசி அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது காயல. கொப்புளிச்சுரும். அப்புறம் தாள்மேல பழியப் போடுவீங்க. இந்தாங்க, என் தாள். நேத்து ரெண்டு மணி நேரம் காயவச்சது.”

தன் தாளையே அவள் எடுத்துக் கொடுத்ததும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். எங்கோஸுக்கு வாங்காமல் இருக்க வழியில்லை.

தாளைச் சட்டத்தில் பூட்டினான். சூட்டுக் குழாய்கள் சிவந்தன. தாள் முதலில் நெளிந்தது. பிறகு முரசுத்தோல் போல இறுகியது. பிறகு நடுவில் மெல்லத் தொய்ந்தது.

“இப்ப இறக்கலாமா?” என்றான் எங்கோஸ். தன்னையறியாமல் அவளைத்தான் கேட்டான்.

“இன்னும் ஒரு விரக்கடை தொய்யட்டும். ம். இப்ப.”

இறக்கினான். நந்தங் மோட்டாரைப் போட்டான். ஒரு மூச்சு விடும் நேரத்தில் தாள் வெள்ளை அச்சை இறுக்கிக்கொண்டது. கதவுக் கைப்பிடி, கூரைக் கம்பி எல்லாம் எழுந்து நின்றன. ஆறியதும் ஓரம் வெட்டி, தட்டிக் கழற்றினார்கள். சுலபமாகக் கழலவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. தெளிவான, கொப்புளமில்லாத பாடி.

“அருமையா வந்திருக்கு” என்றாள் கினாசி. “இப்ப அதே பாடிய அதே அச்சுல திருப்பிப் போடுங்க.”

எங்கோஸ் போட்டான். பாதியில் பிடித்துக்கொண்டது. அழுத்தினான். இன்னும் கொஞ்சம் போய் நின்றது.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இரு, சரியா வைக்கல” என்று எடுத்து மறுபடி போட்டான். அதே இடத்தில் நின்றது.

“எத்தனை தடவ போட்டாலும் போகாது. இப்பதான் இந்த அச்ச விட்டு வந்தது. பெத்த அச்சு. இதுலயே போகலன்னா என்ன அர்த்தம்?” கினாசி விகண்டாவைப் பார்த்துப் பேசினாள். “தாள் ஆறுனா சுருங்கும், பாக். இழுத்த பாடி இழுத்த அச்சுல லேசா இறங்கவே இறங்காது. என் கட்டையில விலாவுல நின்னுச்சுல்ல, அது அதே கட்டையில இழுத்த பாடிங்கறதாலதான். காங்கோட அச்சுல தொப்பி மாதிரி இறங்குச்சே, அது ஏன்? அந்த அச்சுல இருந்து பாடி வரல. பாடிக்குள்ள ஊத்தி அந்த அச்சு வந்திருக்கு.”

விகண்டா மூக்குக் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார்.

“வெயில்ல எல்லாந்தான் சுருங்கும் நெங்” என்றான் எங்கோஸ். குரலில் பழைய தெம்பு இல்லை. “பிளாஸ்டர்கூட ஒரு நேரம் போல இருக்காது.”

“சரி, அச்ச விடுங்க. சேஸில மாட்டுங்க. சேஸி இரும்பும் கார்பனும். அது யாருக்காகவும் சுருங்காது.”

ஒருவன் தன் காரைக் கொண்டுவந்தான். முதலில் சுவரில் தொங்கிய பச்சைப் பாடி. நான்கு சக்கரமும் நான்கு வளைவுக்கும் நட்டநடுவில் நின்றன. பிறகு எங்கோஸ் புதிதாக இழுத்தது. சக்கர வளைவை அங்கிருந்த குறிக்கோட்டின்படியே வெட்டி மாட்டினார்கள். முன்சக்கரம் நேராக இருந்தால் பின்சக்கரம் விளிம்பைத் தொட்டது. நந்தங் ரிமோட்டை வாங்கி விசையை அழுத்தினான். கிர்ர் என்று ரப்பர் உரசியது.

“ஒன்றரை மில்லி குறைச்சல். ஒரு தடவ சுருங்குன பாடிக்குள்ள ஊத்துன அச்சு. அதுல இழுத்தா ரெண்டாவது தடவயும் சுருங்கும்” என்றாள் கினாசி. “நான் கட்டையச் செதுக்கும்போதே அந்த ஒன்றரை மில்லிய ஏத்தித்தான் செதுக்கினேன். சேஸிய வச்சு செதுக்குறவங்க யாரும் அப்படித்தான் செய்வாங்க.”

“அளவெடுத்துத் தைச்ச சட்டை” என்று முன்பு சொன்னவன் இப்போது, “துவைச்சதும் சுருங்கிருச்சு” என்றான். இந்தமுறை சிரிப்பு வேறு பக்கம் போயிற்று.

எங்கோஸ் வெள்ளை அச்சைத் துணியில் சுற்றினான். மெதுவாகச் சுற்றினான். யாரும் அவனைத் திட்டவில்லை. விகண்டா மட்டும், “ஏன்டா எங்கோஸ்? உன் கைக்கு என்ன குறை?” என்றார்.

“வண்ணம் அடிக்கிறவன் பேர விதிப்புத்தகத்துல போடுறதில்லையே பாக்” என்றான் அவன்.

அவன் சொன்னது உண்மைதான். உண்மை என்பதால் செய்தது சரியாகிவிடாது என்று கினாசி நினைத்தாள்.

விகண்டா எழுதத் தொடங்கினார். கினாசி அவர் கையைத் தடுத்தாள்.

“இருங்க பாக். எழுத வேண்டியது இந்தப் பழைய பாடி இல்ல. புதுசு. கூரைய இறக்குனது. கவுராது. இழுத்துக் காட்டுறேன், ஓட்டிப் பாருங்க, அப்புறம் எழுதுங்க.”

“உன் பேர எழுதத்தானே போறேன். இப்ப எழுதினா என்ன?”

“ஓட்டிப் பாருங்க முதல்ல.”

இழுத்தாள். அந்தப் புதுப் பாடியை மாட்டி நந்தங்கே ஓட்டினான். பழையது எப்போதும் கவிழும் மூன்றாவது வளைவில், புதியது உள்சக்கரத்தை ஒரு கணம் தூக்கி மறுபடி ஊன்றிப் போனது. “நிஜ வண்டிக்கும் இப்படிக் கூரைய இழைச்சுக் குடு தெஹ்” என்று கத்தினான். விகண்டா பத்துச் சுற்று பார்த்தார். பிறகு எழுதினார். பெயரை அவளிடம் காட்டி, எழுத்து சரியா என்று கேட்டார். சரி என்றாள்.

மதியத்துக்குள் இன்னும் மூன்று இழுத்தாள். நான்காவதில் தாள் கொஞ்சம் அதிகமாகத் தொய்ந்துவிட்டது. பின்மூலையில், பக்கச் சுவரும் பின்கதவும் சேரும் இடத்தில் ஒரு சிறிய சுருக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

“அத எனக்குக் குடு நெங்” என்றார் விகண்டா. “சுவர்ல மாட்டத்தானே. எவன் கிட்ட வந்து பாக்கப் போறான்?”

எங்கோஸ் இன்னும் போகவில்லை. படிக்கட்டுப் பக்கம் அச்சை மடியில் வைத்து உட்கார்ந்து, அவள் கையில் இருந்த பாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு நல்லதா ஒண்ணு இழுத்துத் தர்றேன் பாக்” என்றாள். “காங், அதுக்கு நீங்கதான் வண்ணம் அடிக்கணும். ஆனா பாடி உங்க வீட்டுக்கு வராது. டப்பா, பிரஷ் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நீங்க என் வீட்டுக்கு வாங்க. அடிச்சது எங்கோஸ்னு ஓரத்துல எழுதிக்கங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல.”

எங்கோஸ் அச்சை மடியிலிருந்து இறக்கிப் படியில் வைத்தான்.

“எத்தனை மணிக்கு?”

“ஒன்பதுக்கு. சாப்பிட்டுட்டு வாங்க.”

பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். சுருக்கம் விழுந்த பாடியைக் கூரையின் நடுவாக, முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை இரண்டாக வெட்டினாள்.

“ஐயோ, எதுக்கு?” என்றார் விகண்டா.

“என் பேர்ல போறது இது இல்ல” என்றாள். அடுத்த தாளைச் சட்டத்தில் பூட்டினாள்.